ஒன்றுபோலத் தெரியும் காட்டுப்பூச் செடிகளைப் பிரித்தறிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செடி பார்க்கக் கூட வருபவர்களும், படம் அனுப்பி "இது என்ன செடி?" என்று கேட்பவர்களும் எழுப்பும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே போட்டு, பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை வைத்துத்தான் போகின்றன.

பார்க்கிறதெல்லாம் மஞ்சள் பூவா இருக்கு. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

பூவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் தண்டைப் பாருங்கள். உருண்டையா, நான்கு பட்டையா? இலைகள் கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி வருகின்றனவா, இரண்டு இரண்டாக எதிரெதிரே நிற்கின்றனவா? கிள்ளினால் பால் வருகிறதா? இந்த மூன்றையும் பார்க்க அரை நிமிடம் போதும். பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

உதாரணத்துக்குத் தும்பையையும் கவிழ்தும்பையையும் எடுத்துக்கொள்ளலாம். பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி என்று தோன்றும். உண்மையில் இரண்டும் வேறு வேறு குடும்பம். தும்பையின் தண்டை விரலிடையில் உருட்டினால் நான்கு பட்டை தட்டுப்படும். பூ மேல் உதடு, கீழ் உதடு என்று பிளந்த வெள்ளைப் பூ. கவிழ்தும்பைக்குத் தண்டு உருண்டை, செடி முழுக்கச் சொரசொரப்பான முடி. வெளிர்நீலப் பூ, ஐந்து மடலும் ஒரே அளவில், தரையைப் பார்த்துத் தொங்கும். தண்டைத் தொட்டதுமே விடை கிடைத்துவிடுகிறது.

நிறத்தை வெச்சுச் சொல்லக் கூடாதா? கண்ணுக்கு முதல்ல தெரியறதே அதுதானே?

முதலில் தெரிவது நிறம்தான், அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். உண்ணிச்செடியின் ஒரே கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் இளஞ்சிவப்புமாக இருக்கும். பூ வயதாக ஆக நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். செங்காந்தள் மலர் பச்சை கலந்த மஞ்சளாகத் திறந்து, நாள்பட நாள்பட முழுச் சிவப்பாகிவிடும். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்தால் இரண்டு செடி என்றே நினைப்பீர்கள்.

எருக்கில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். ஊதாப் பூ பூத்தால் எருக்கு, வெள்ளைப் பூ பூத்தால் வேறு இனம் என்று பலர் நம்புகிறார்கள். கலோட்ரோபிஸ் ஜைகாண்டியா என்ற ஒரே சிற்றினத்திலேயே ஊதாவும் உண்டு, வெள்ளையும் உண்டு. உண்மையாகவே வேறு இனமான கலோட்ரோபிஸ் புரோசெராவைக் கண்டுபிடிக்க மடல்கள் நிற்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஜைகாண்டியாவின் மடல்கள் விரிந்து பின்பக்கம் வளையும். புரோசெராவில் அவை நிமிர்ந்து கிண்ணம் போல் நிற்கும், வெள்ளை மடலின் நுனியில் மட்டும் ஊதா தீற்றியிருக்கும். மொட்டும் அதில் உருண்டையாக இருக்கும். பார்க்கும்போது எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பார்வைக்கே ஆபத்து.

இலை எது, சிற்றிலை எதுன்னு தெரியலை. புளிய இலை மாதிரி இருந்தா எல்லாமே கூட்டிலைதானா?

நல்ல கேள்வி. இதில் தெளிவு வந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். ஒரே இலை பல சிறு துண்டுகளாகப் பிரிந்திருந்தால் அது கூட்டிலை, அந்த ஒவ்வொரு துண்டும் சிற்றிலை. இலை என்றால் அதன் காம்பு தண்டில் சேரும் இடுக்கில் ஒரு மொட்டு இருக்கும். அந்த மொட்டிலிருந்துதான் கிளையோ பூவோ வரும். சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: பூ எங்கிருந்து கிளம்புகிறது?

கீழாநெல்லியின் ஒரு சிறு கிளையைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு குட்டி இலையின் அடியிலும் பச்சை மணி போல ஒரு காயோ, கடுகளவு பூவோ தொங்கும். அப்படியானால் அவை ஒவ்வொன்றும் முழு இலை. பார்வைக்குக் கூட்டிலை போலத் தெரிந்தது உண்மையில் ஒரு கிளை. தொட்டாற்சுருங்கியில் இப்படிச் சிற்றிலைக்கு அடியில் பூவைப் பார்க்கவே முடியாது. அங்கே மொத்த இலையும் தண்டில் சேரும் இடத்திலிருந்துதான் பூக்காம்பு வரும். இதை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

கீழாநெல்லின்னு காட்டறாங்க, ஆனா ஒவ்வொருத்தர் காட்டறதும் வேற வேற மாதிரி இருக்கே?

வேறு வேறுதான். பிலாந்தஸ் பேரினத்தில், அதாவது நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்த தொகுதியில், ஒன்றுபோலத் தெரியும் சிறு செடிகள் பல உண்டு. கீழாநெல்லி என்று பரவலாகச் சொல்லப்படுவது பிலாந்தஸ் அமாரஸ். அதன் காய் வழவழப்பாக, சிறு காம்பில் தொங்கும், பூவுக்கு ஐந்து இதழ். பிலாந்தஸ் யூரினேரியா கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் இருக்கும், தண்டில் சிவப்பேறியிருக்கும். ஆனால் அதன் காய்க்குக் காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டியிருக்கும், தோல் கரடுமுரடாகச் சிறு கொப்புளங்களுடன் இருக்கும். நகத்தால் தடவினாலே தெரியும். பிலாந்தஸ் டெபிலிஸுக்கு இதழ் ஆறு, இலை குறுகல்.

லென்ஸ் வைத்திருப்பவர்கள் முற்றிய விதையையும் பார்க்கலாம். ஆப்பு வடிவ விதையின் முதுகில் அமாரஸுக்கு நெடுக்குக் கோடுகள், யூரினேரியாவுக்குக் குறுக்கு வரிகள். எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இது. மழையானாலும் வெயிலானாலும், செடி கொழுத்தாலும் காய்ந்தாலும் மாறாது.

மேலாநெல்லி எனப்படும் பிலாந்தஸ் மதராஸ்படென்சிஸ் இவற்றிலிருந்து விலகி நிற்கும். முந்தைய பதிலில் சொன்ன கூட்டிலைத் தோற்றமே அதில் இருக்காது. இலைகள் எல்லாத் தண்டுகளிலும் சுற்றிச் சுற்றி வரும், நுனி அகன்று அடி ஒடுங்கியிருக்கும். அப்புறம், பக்கத்திலேயே வளரும் சிற்றம்மான் பச்சரிசியைச் சிலர் இதோடு சேர்த்துவிடுகிறார்கள். அதைக் கிள்ளினால் பால் வரும், கீழாநெல்லியில் வராது.

வெட்டுக்காயப் பூண்டு, கரிசலாங்கண்ணி, பார்த்தீனியம் மூணும் சின்ன வெள்ளைப் பூ. எப்படிப் பிரிக்கிறது?

இவை மூன்றும் சூரியகாந்திக் குடும்பம். நாம் ஒரு பூ என்று பார்ப்பது பல குட்டிப் பூக்கள் சேர்ந்த ஒரு தலை. ஓரத்தில் இதழ் போல நீட்டிக்கொண்டிருப்பவை ஒரு வகைப் பூ, நடுவில் நெருங்கியிருப்பவை இன்னொரு வகை. ஆகவே "எத்தனை இதழ்" என்று கேட்பதைவிட "ஓரப்பூ எத்தனை, எப்படி இருக்கிறது" என்று கேளுங்கள்.

வெட்டுக்காயப் பூண்டு நீண்ட ஒற்றைக் காம்பைத் தூக்கி நிறுத்தி அதன் உச்சியில் ஒரு தலையை வைத்திருக்கும். ஓரப்பூ ஐந்து போலத்தான் இருக்கும், வெளிறிய பால் நிறத்தில், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். நடுப்பகுதி மஞ்சள். முற்றினால் ஒவ்வொரு விதையும் இறகுக் குச்சத்தோடு காற்றில் போகும். வெள்ளைக் கரிசலாங்கண்ணியின் தலை சிறியது, காம்பு குட்டை, ஓரப்பூக்கள் நூல் நூலாக ஏராளம். விதையில் இறகு இல்லை. இலையைக் கசக்கிக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், சாறு கறுத்து விரலில் கறையாக நிற்கும். பார்த்தீனியத்தின் இலை ஆழமாகப் பிளவுபட்டிருக்கும், மாறி மாறி வரும். மற்ற இரண்டுக்கும் எதிரிலை. தலைகளும் குன்றிமணியைவிடச் சிறியவை, கொத்துக் கொத்தாகச் செடியின் மேல்பரப்பு முழுக்க இருக்கும். அதைக் கசக்கிப் பார்க்க வேண்டாம், பலருக்குத் தோலில் கடுமையான அரிப்பும் புண்ணும் வரும்.

குளிர்ந்த மலைப்பகுதியில் இன்னொன்று வந்து சேரும்: கலின்சோகா. அதற்கும் மூன்று பல் கொண்ட ஐந்து ஓரப்பூதான். ஆனால் தலை மிகச் சிறியது, ஓரப்பூ தூய வெள்ளை, வெட்டுக்காயப் பூண்டின் நீண்ட ஒற்றைக் காம்பு அதற்குக் கிடையாது.

மஞ்சள் கரிசலாங்கண்ணின்னு தரையெல்லாம் படர்ந்து கிடக்கிறது நிஜமாவே அதுதானா?

பல இடங்களில் இல்லை. அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு வாய்க்கால் ஓரமெல்லாம் பரவிய ஸ்ஃபாக்னெடிகோலா டிரைலோபாட்டா அது. இலையின் இரு பக்கமும் ஒரு மடல் வெட்டி, மூன்று மடல் இலையாகத் தெரியும். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு குறுகியது, அப்படி மடல் விடாது. ஒரே கொடியில் சில இலைகளில் மடல் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். நான்கைந்து இலைகளைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

துத்தி மாதிரியே மஞ்சப் பூ, இதய வடிவ இலை. ஆனா துத்தி இல்லைங்கிறீங்க. ஏன்?

துத்தி, நிலத்துத்தி, அரிவாள்மனைப் பூண்டு எல்லாம் செம்பருத்திக் குடும்பம். ஐந்து இதழ், நடுவில் மகரந்தத்தாள்கள் ஒரே குழாயாகச் சேர்ந்திருக்கும். இந்தப் பொது அடையாளம் எல்லாவற்றுக்கும் உண்டு என்பதால் பூவின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. காயைப் பாருங்கள். துத்தியின் காய் பதினைந்து, இருபது பிளவுகள் வட்டமாக அடுக்கிய சக்கரம், வெளியே நன்றாகத் தெரியும். நிலத்துத்திக்கும் இதய வடிவ வெல்வெட் இலைதான். ஆனால் அதன் காயில் பத்துக்குள்தான் பிளவுகள், பூவின் அடியில் உள்ள பச்சைக் கிண்ணமான புல்லிவட்டத்துக்குள் ஒளிந்திருக்கும், ஒவ்வொரு பிளவின் உச்சியிலும் இரண்டு நீண்ட முள் போன்ற நீட்சி. அரிவாள்மனைப் பூண்டுக்கு இலை குறுகிக் கூராக இருப்பதால் அதில் அவ்வளவு குழப்பம் வராது.

இன்னொரு சோதனையும் சொல்கிறேன், இதைப் பலர் செய்வதே இல்லை. பூவைத் திருப்பி, புல்லிவட்டத்துக்கும் கீழே பாருங்கள். சில செடிகளில் அங்கே இன்னொரு சிறு வட்டம் இருக்கும், அதைப் புறப்புல்லிவட்டம் என்பார்கள். துத்தி, நிலத்துத்தி, அரிவாள்மனைப் பூண்டு எதற்கும் அது கிடையாது. மூன்று மெல்லிய நூல் போல அங்கே நீட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் பார்ப்பது மால்வாஸ்ட்ரம். பாதையோரத்தில் அரிவாள்மனைப் பூண்டு என்று கடந்துபோகும் செடிகளில் கணிசமானவை இதுதான்.

நெருஞ்சியில பெரிசு, சிறுசு ரெண்டும் ஒரே செடியோட ரகம்தானே?

இல்லை. இரண்டும் வேறு குடும்பம். சிறுநெருஞ்சி தரையோடு படரும், கூட்டிலை, ஐந்து தனித்தனி மஞ்சள் இதழ், பத்து மகரந்தத்தாள். காய் ஐந்து முள்துண்டுகளாக உடையும். யானைநெருஞ்சி சதைப்பற்றான தனி இலையோடு நிமிர்ந்து வளரும். பூ ஒரே குழாய், உள்ளே நான்கு மகரந்தத்தாள், காயின் மூலைகளில் நான்கு முள். அதன் பசுந்தழையைத் தண்ணீரில் விட்டு அலசினால் தண்ணீர் வழவழவென்று கெட்டியாகும். வேறு எதுவும் தேவையில்லை.

தாமரை, ஆம்பல் இலையை வெச்சே சொல்ல முடியுமா?

முடியும். தாமரை இலை முழுவட்டம், காம்பு நடுவில் சேரும், தண்ணீருக்கு மேலே தூக்கியும் நிற்கும். ஆம்பலின் இலையில் ஓரத்திலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும், இலை தண்ணீரில் மிதக்கும். ஆம்பல்களுக்குள் பிரிக்க இலை ஓரத்தைப் பாருங்கள். பற்கள் வரிசையாக இருந்து, அடிப்பக்கம் முடியும் இருந்தால் நிம்ஃபேயா பியூபெசென்ஸ், இரவில் மலர்வது. ஓரம் ஏறக்குறைய பல் இல்லாமல், பகலில் நீலமாகவோ வெள்ளையாகவோ மலர்ந்தால் நிம்ஃபேயா நௌசாலி.

காலையில பார்த்த நீலப் பூவை மத்தியானம் காணோம். செடி மாறிடுச்சா?

கானாவாழையாக இருக்கும். உச்சிப்பொழுதுக்குள் அதன் பூ சுருங்கிக் கரைந்துவிடும். துத்தி நேர்மாறு, பொழுது சாயும்போதுதான் நன்றாக விரியும். ஆகவே ஒரு பூவைக் குறித்துவைக்கும்போது நேரத்தையும் சேர்த்துக் குறியுங்கள். அதுவும் ஓர் அடையாளம்.

பூ போன பிறகும் கானாவாழையைப் பிரிக்கலாம். பூ வெளிவரும் மடல் போன்ற பச்சைச் செதிலைப் பாருங்கள். கோமெலினா பெங்காலென்சிஸில் அதன் அடி ஓரங்கள் ஒட்டி ஒரு புனலாகியிருக்கும். கோமெலினா டிஃப்யூசாவில் ஓரங்கள் ஒட்டாமல் மடித்த காகிதம் போல் திறந்திருக்கும். முன்னதின் இலை அகலம், இலையுறையின் வாயில் செம்பழுப்பு முடிகள் இருக்கும்.

பூவே இல்லாத காலத்துல என்ன பண்றது?

காய் இருந்தால் கவலையே வேண்டாம். பல நேரங்களில் காய் பூவைவிடத் தெளிவாகப் பேசும். ஊமத்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். டாட்டுரா மெட்டலின் காய் தலைகவிழ்ந்து, குட்டையான மொட்டை முட்களோடு இருக்கும். டாட்டுரா இன்னாக்சியாவுக்கும் கவிழ்ந்த காய்தான், ஆனால் முட்கள் நீண்டு மெலிந்தவை, செடி முழுக்க மென்முடி. டாட்டுரா ஸ்ட்ராமோனியத்தின் காய் நிமிர்ந்து நிற்கும், முற்றினால் ஒழுங்காக நான்காகப் பிளக்கும். எல்லாமே கடும் நஞ்சு, தொட்ட கையைக் கழுவுங்கள்.

காயும் இல்லையென்றால் இலையிலேயே தேட வேண்டும். தகரைக் கூட்டத்தில் இலைக்காம்பின் சுரப்பிகள் கைகொடுக்கும். பேயாவாரை எனப்படும் சென்னா ஆக்சிடெண்டாலிஸில் காம்பின் அடியில், தண்டை ஒட்டி ஒரு குமிழ் இருக்கும், சிற்றிலைகள் கூராக முடியும். தகரையில் சிற்றிலை நுனி மழுங்கியிருக்கும், சுரப்பி சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவே நிற்கும். கீழ் இரண்டு ஜோடிகளுக்கு நடுவிலும் இருந்தால் சென்னா டோரா, அடி ஜோடிக்கு நடுவில் மட்டும் இருந்தால் சென்னா ஆப்டியூசிஃபோலியா. பூ வந்தால் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். டோராவின் பூக்காம்பு குட்டை, மற்றதினுடையது தெளிவாக நீளம்.

ஒரே செடியில மேல ஒரு மாதிரி இலை, கீழ ஒரு மாதிரி இலை. எதை நம்புறது?

நடுத்தண்டில் உள்ள இலையை. அடியிலைகள் பெரும்பாலும் அகலமாகவும், பூவுக்குப் பக்கத்திலுள்ளவை சிறுத்தும் இருக்கும். நிழலில் வளர்ந்தது பெரிதாகும், காய்ந்த மண்ணில் வளர்ந்தது குறுகும், மாடு மேய்ந்த செடி குட்டையாகப் படர்ந்துவிடும். உயரம், இலை அளவு, முடியின் அடர்த்தி ஆகியவை இப்படி இடத்துக்கு ஏற்ப ஆடும். இலை அடுக்கு, புல்லிவட்ட அமைப்பு, காய், விதை ஆகியவை அவ்வளவாக ஆடாது. எனவே ஆடுகிற அடையாளம் எத்தனை இருந்தாலும், ஆடாத அடையாளம் குறைந்தது இரண்டு ஒத்துப்போன பிறகு பெயர் சொல்லுங்கள்.

போன் ஆப் பேர் சொல்லுதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு பார்க்கணும்?

ஆப் நல்ல துணை. குடும்பத்தையும் பேரினத்தையும் பல நேரம் சரியாகவே பிடிக்கும். ஆனால் அது பார்ப்பது நீங்கள் கொடுத்த படத்தை மட்டும்தான். பூவின் முகத்தை மட்டும் படமெடுத்தால் மேலே சொன்ன புறப்புல்லிவட்டமும், காய் முள்ளும், இலைச் சுரப்பியும் அதற்கும் தெரியாது, பிறகு அந்தப் படத்தைப் பார்க்கும் நிபுணருக்கும் தெரியாது.

ஆகவே ஒரு செடிக்கு ஒரு படம் என்று நிறுத்தாதீர்கள். முழுச் செடி, தண்டில் இலை சேரும் இடம், இலையின் அடிப்பக்கம், பூவின் முகம், பூவின் பக்கவாட்டும் பின்பக்கமும், காய். கூடவே அளவு தெரிய ஒரு அளவுகோலோ விரலோ. பூவின் பின்பக்கப் படம் ஒன்று இருந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்வதும் நல்லது. அதைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, செடியை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும்.

புத்தகத்துல ஆவாரைக்கு காசியான்னு இருக்கு, இப்ப சென்னாங்கிறாங்க. எது சரி?

இரண்டும் ஒரே செடியைக் குறிப்பவை, இப்போது வழங்குவது சென்னா. முன்பு காசியா என்ற ஒரே பேரினத்தில் எல்லாவற்றையும் அடைத்திருந்தார்கள். 1982இல் தாவரவியலாளர்கள் இர்வினும் பார்ன்பியும் அதை காசியா, சென்னா, கேமக்ரிஸ்டா என்று மூன்றாகப் பிரித்ததை இன்று பரவலாக ஏற்கிறார்கள். களத்திலேயே இதைப் பார்க்கலாம். கொன்றைப் பூவில் மூன்று மகரந்தத்தாள்கள் மட்டும் நீண்டு வளைந்து வெளியே வரும், அதனால் அது காசியாவிலேயே இருக்கிறது. ஆவாரையில் அந்த வளைவு இல்லை. கேமக்ரிஸ்டாவின் காய் முற்றினால் சட்டென்று வெடித்து முறுக்கிக்கொள்ளும்.

எல்லாம் பார்த்தும் ரெண்டுல எதுன்னு முடிவு பண்ண முடியலைன்னா?

பேரினத்தோடு நிறுத்துங்கள். "பிலாந்தஸ், சிற்றினம் உறுதியில்லை" என்பது முழுமையான, நேர்மையான பதிவு. தவறான பெயரோடு போன பதிவைத் திருத்துவதுதான் கஷ்டம். சில கூட்டங்களில் கோடு உண்மையிலேயே மங்கலாகத்தான் இருக்கும். உண்ணிச்செடி தோட்டங்களில் திரும்பத் திரும்பக் கலப்பு செய்யப்பட்டு வந்தது, அதற்குள் பிரிப்பது நிபுணர்களுக்கே பெரும்பாடு.

நிறுத்துவதற்கு முன் ஒருமுறை தொட்டும் பாருங்கள். அஜெரேட்டம் என்ற பேரினத்தின் இரண்டு சிற்றினங்களைப் படத்தில் பிரிக்கத் திணறுபவர்கள், பூந்தலையின் அடிச்செதில்களை விரலால் அழுத்தினால் விடை பெறலாம். பிசுபிசுப்பாக ஒட்டினால், இலையடியும் இதய வடிவில் இருந்தால் அஜெரேட்டம் ஹூஸ்டோனியானம். ஒட்டாமல், இலையடி வட்டமாகவோ ஆப்பு போலவோ இருந்தால் அஜெரேட்டம் கோனிசாய்டிஸ்.

இப்படிக் கண்டுபிடிச்சதை வெச்சுத் தின்னவோ மருந்துக்கோ பறிக்கலாமா?

இந்தப் பக்கத்தை மட்டும் நம்பி வேண்டாம். பெயர் தெரிந்துகொள்ளப் போதுமான அடையாளம் வேறு, வாயில் வைக்கத் தேவைப்படும் உறுதி வேறு. கிழங்கைப் பொறுத்தவரை இன்னும் கண்டிப்பாக இருங்கள். செங்காந்தளின் செடி முழுவதிலும் கால்ச்சிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு, அதன் கிழங்கை உண்ணும் கிழங்கென்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. பூவோ இலையோ இருக்கும்போது அதை யாரும் அடையாளம் காணலாம், இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகப் பக்கத்துச் செடியைப் பிடித்திருக்கும். கொடி காய்ந்து கிழங்கு மட்டும் மண்ணில் இருக்கும் மாதங்களில் அந்த அடையாளம் எதுவும் கிடைக்காது. தண்டும் இலையும் இல்லாமல் கிடைத்த கிழங்கை யார் என்ன பெயர் சொன்னாலும் தொடாதீர்கள்.